எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள்: ஆங்கில வசைச்சொற்களும் அவற்றின் அரசியலும்

கடந்த 2025 நவம்பர் 27ஆம் திகதி, அமெரிக்கர்கள் நன்றி நவிலல் நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தனது சமூக ஊடகத் தளத்தில் மினசோட்டா மாநில ஆளுநர் ரிம் வோல்ஸைத் தாக்கி ஒரு பதிவு இட்டார். அதில் வோல்ஸைக் குறிக்க அவர் எடுத்த சொல் 'ரிட்டார்டட்'. பின்னர் செய்தியாளர்கள் கேட்டபோதும் அந்தச் சொல்லிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

இதைத் தொடர்ந்து இந்தியானா மாநில செனற் சபையில் ட்ரம்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஓர் அறிவிப்பை விடுத்தார். தேர்தல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைவதற்கு ட்ரம்ப் வலியுறுத்திவந்த சட்டமூலத்துக்கு எதிராகத் தான் வாக்களிக்கப் போவதாக அவர் சொன்னார். அவருடைய மகளுக்கு டவுன் சின்ட்ரோம் உண்டு. டிசெம்பர் 11ஆம் திகதி அந்தச் சட்டமூலம் 19க்கு 31 என்ற வாக்குகளால் தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு தந்தை பகிரங்கமாகச் சொன்ன காரணம் அந்த ஒரு சொல்.

இத்தகைய செய்திகள் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் 'முட்டாள் என்று திட்டினார்' என்ற அளவில் சுருங்கிவிடுகின்றன. வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் இதை நான் நாளாந்தம் பார்க்கிறேன். இடியட், மோரன், ஸ்டுபிட், ஃபூல், ரிட்டார்ட் எல்லாவற்றுக்கும் செய்தி மேசைகளில் ஒரே சொல்தான். இன்னும் கடுமையாக இருந்தால் 'தகாத வார்த்தைகளால் ஏசினார்' என்று எழுதி முடித்துவிடுவோம். வாசகரிடம் கடைசியில் மிஞ்சுவது, அங்கே யாரோ யாரையோ ஏசினார்கள் என்ற தகவல் மட்டுமே. ஒரு தந்தை ஏன் தனது கட்சித் தலைவருக்கு எதிராக நின்றார் என்பது அதில் இல்லை.

போரால் சிதறிப்போன எமக்கு ஆங்கில ஏச்சுகளின் வித்தியாசம் எதற்கு என்று கேட்கலாம். எமது பிள்ளைகளில் பலர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் படிக்கிறார்கள். எமது அகதி விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் விசாரிக்கப்படுகின்றன. எம்மைப் பற்றிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஒரு சமூகத்துக்கு முதலில் ஒரு பெயர் சூட்டப்பட்டு, அதன் பின்னால் சட்டமும் தடியும் துப்பாக்கியும் வருவதை நாம் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். ஆகவே எந்த ஏச்சு வெறும் கோபம், எந்த ஏச்சு அதற்கு அப்பாற்பட்டது என்று பிரித்தறிவது எமக்கு மொழிப்பாடம் மட்டுமல்ல.

ஏச்சு எதைப் பிடிக்கிறது?

எமது பேச்சிலிருந்தே தொடங்கலாம். 'நீ செய்தது மோட்டு வேலை' என்று ஒருவரிடம் சொல்லலாம். 'நீ ஒரு மோடன்' என்றும் சொல்லலாம். 'உங்கட ஆக்களே மோட்டுக் கூட்டம்' என்றும் சொல்லலாம். மூன்றிலும் ஒரே சொல்தான். ஆனால் முதலாவது ஒரு செயலைப் பிடிக்கிறது. நாளைக்கு வேறு விதமாகச் செய்தால் அந்த ஏச்சு கழன்றுவிடும். இரண்டாவது ஆளைப் பிடிக்கிறது. மூன்றாவது, அந்த ஆள் எதுவும் செய்யாமலேயே, பிறந்த இடத்துக்காக அவரைப் பிடிக்கிறது. அதிலிருந்து கழன்று வர வழியில்லை.

ஆங்கில வசைகளையும் இந்தப் படிகளில் வைத்துப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். 'ஸில்லி' என்பது சிறுபிள்ளைத்தனம். வீட்டுக்குள் அன்பாகவும் சொல்லப்படும். 'ஃபூல்' என்பது முடிவெடுப்பதில் தவறியவர், ஏமாந்தவர். கெட்டிக்காரர் ஒருவரும் 'ஃபூல்' ஆகலாம். 'ஸ்டுபிட்' செயலிலும் ஒட்டும், ஆளிலும் ஒட்டும். வீதியில் குறுக்கே வண்டியை விட்டவரைப் பார்த்து 'இடியட்' என்று கத்துவது பெரும்பாலும் அந்தக் கணத்தின் எரிச்சல். 'மோரன்' என்று சொல்லும்போது, இவர் எப்போதும் இப்படித்தான் என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கும். 'இக்னரன்ட்' என்பது இவற்றோடு சேராது. அது அறியாமை, படித்தால் தீரும். அதையும் 'முட்டாள்' என்று எழுதினால் பொருளே மாறிவிடுகிறது.

'எஃப்' எழுத்தில் தொடங்கும் அந்தப் பிரபலமான தூசணச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் சூட்டைக் கூட்டுகிறதே தவிர, எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சூடு வேறு, குறி வேறு. மிகவும் சூடான வாக்கியம் எவரையும் குறிவைக்காமல் போகலாம். மிகவும் நாகரிகமான வாக்கியம் ஓர் இனத்தையே குறிவைக்கலாம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சில வசைகளுக்குப் பதில் சொல்லலாம். 'லையர்', அதாவது பொய்யன், என்று சொன்னால் நான் சொன்னது உண்மை என்று ஆதாரம் காட்டலாம். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இன்னொரு உறுப்பினரை நேரடியாகப் பொய்யர் என்பது மரபுப்படி தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலை 22ஆம் திகதி தொழிற்கட்சி உறுப்பினர் டோன் பட்லர், பிரதமர் பொறிஸ் ஜோன்சன் பொய் சொன்னார் என்று கூறி, அதை மீளப் பெற மறுத்ததால் அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த விதி சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தக் குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்க்க முடியும். 'நீ இந்த இனத்தவன்' என்பதையே வசையாக வீசும்போது அதற்கு எந்த ஆதாரத்தைக் காட்டுவது?

வைதவர்களே அறிந்த வித்தியாசம்

எது பாரதூரமான ஏச்சு என்பதை அறிய அகராதியைத் தேட வேண்டியதில்லை. அகப்பட்டுக்கொண்ட அரசியல்வாதிகள் எதை ஒப்புக்கொள்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

2012 செப்டெம்பரில் பிரித்தானிய ஆளும் கட்சியின் பிரதம கொறடா அன்ட்ரூ மிற்செல் சைக்கிளில் டவுனிங் வீதியிலிருந்து வெளியேற முயன்றார். பிரதான வாயிலைத் திறக்கப் பொலிஸார் மறுத்தார்கள். வாக்குவாதம் வந்தது. தான் தூசணச் சொல்லைப் பாவித்ததை மிற்செல் ஒப்புக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் பொலிஸாரை 'பிளெப்' என்று சொன்னதாகக் கூறப்பட்டதை மட்டும் அடியோடு மறுத்தார். 'பிளெப்' என்பது பழைய ரோமின் சாதாரண குடிமக்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. எமது காதுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வர்க்க வேறுபாடு ஆழ வேரோடிய இங்கிலாந்தில், பெரிய இடத்து மனிதர் ஒருவர் பொலிஸ்காரரை அப்படி அழைப்பது, 'நீ கீழ்க்குலத்தவன், உன் இடத்தில் நில்' என்பதற்குச் சமம். ஒரு மாதத்துக்குள் அவர் பதவி விலகினார். அந்தச் சம்பவத்தை நேரில் கண்ட பொதுமகன் போல் பொய்யாக எழுதிய பொலிஸ்காரர் ஒருவர் சிறைக்குப் போனதும் உண்மை. ஆயினும் 2014 நவம்பரில் மிற்செல் தொடுத்த அவதூறு வழக்கில், அவர் அந்தச் சொல்லையோ அதற்கு மிக நெருங்கிய ஒன்றையோ சொல்லியிருப்பார் என்றே நீதிபதி முடிவு செய்தார். எமது செய்தி மொழியில் 'தகாத வார்த்தை' என்று எழுதப்படக்கூடிய தூசணத்தை அவர் ஒப்புக்கொண்டார் என்பதும், நாம் கவனிக்காமலே விட்டுவிடக்கூடிய நாலெழுத்துச் சொல்லுக்காக நீதிமன்றம் வரை போனார் என்பதும் கவனிக்கத்தக்கவை.

2018 டிசெம்பர் 19ஆம் திகதி பிரதமர் தெரேசா மே பேசிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோபின் தனக்குள் முணுமுணுத்தது கமராவில் பதிவானது. 'ஸ்டுபிட் வுமன்', அதாவது முட்டாள் பெண், என்று சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். தான் சொன்னது 'ஸ்டுபிட் பீப்பிள்', முட்டாள் மனிதர்கள் என்றார். கவனியுங்கள். 'ஸ்டுபிட்' என்பதை அவர் மறுக்கவில்லை. அதன் பின்னால் வந்த பெயர்ச்சொல்லைத்தான் மறுத்தார். ஏனென்றால் 'பெண்' என்று சேர்த்தவுடன், முட்டாள்தனத்துக்கும் பெண்ணாகப் பிறந்ததற்கும் முடிச்சு விழுந்துவிடுகிறது.

மூன்றாவது உதாரணம் 2024 அமெரிக்கத் தேர்தலின் கடைசி வாரம். ஒக்டோபர் 27ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்த ட்ரம்பின் கூட்டத்தில் நகைச்சுவையாளர் ஒருவர் போட்டோ ரிக்கோவை மிதக்கும் குப்பைத் தீவு என்று வர்ணித்தார். இரண்டு நாட்களின் பின் ஜனாதிபதி ஜோ பைடன் அதற்குப் பதில் சொல்லும்போது, ட்ரம்பின் ஆதரவாளர்களே குப்பை என்று பொருள்படும்படி பேசிவிட்டார். வெள்ளை மாளிகை வெளியிட்ட எழுத்து வடிவத்தில் 'சப்போட்டர்ஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் அப்பொஸ்ட்ரபி என்ற சிறு குறி இடப்பட்டிருந்தது. அந்தக் குறி இல்லையென்றால் கோடிக்கணக்கான வாக்காளர்கள் குப்பை. குறி இருந்தால் ஓர் ஆதரவாளருடைய பேச்சு மட்டுமே குப்பை. மக்களைப் பிடித்திருந்த ஏச்சை ஒரு செயலின் மீது இறக்கிவைப்பதற்கு அந்தச் சிறு குறி போதுமாக இருந்தது. மறுநாள் ட்ரம்ப் குப்பை லொறியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்.

மூவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். மேல் படியில் நின்ற ஏச்சைக் கீழ்ப்படிக்கு இறக்கினார்கள். ஒருவர் வர்க்கத்திலிருந்து வெறும் தூசணத்துக்கு. ஒருவர் பெண்ணிலிருந்து பொதுவான மனிதருக்கு. இன்னொருவர் கூட்டத்திலிருந்து செயலுக்கு. 2016இல் ஹிலாரி கிளின்ரனுக்கும் இதுதான் நடந்தது. ட்ரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை அவர் 'டிப்ளோரபிள்ஸ்' என்றார். இழிவானது என்று பொருள் தரும் ஓர் அடைமொழியை மனிதர்களின் பெயராகவே ஆக்கிய சொல் அது. மறுநாள் அவர் வருந்தியது 'பாதி' என்று சொன்னதற்காக. பெயரோ நிலைத்துவிட்டது. அந்த மக்கள் அதை மேலங்கியில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

வைத்தியர்கள் தந்த சொற்கள்

இனி 'இடியட்' வகைச் சொற்களுக்கு வருவோம். இன்று சாதாரணமாகப் புழங்கும் இடியட், இம்பெசைல், மோரன் மூன்றும் ஒரு காலத்தில் வைத்திய அறிக்கைகளிலும் சட்டப் புத்தகங்களிலும் இருந்தவை. 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட், 'மந்தம்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'மோரன்' என்பதை உருவாக்கினார். பிரான்சில் அல்பிரெட் பினே உருவாக்கிய பரீட்சையை வைத்து மனிதர்களுக்கு 'மன வயது' கணிக்கப்பட்டது. மூன்று வயதுக்குக் கீழ் இடியட், மூன்று முதல் ஏழு வரை இம்பெசைல், எட்டு முதல் பன்னிரண்டு வரை மோரன். பிரித்தானியாவில் 1913ஆம் ஆண்டின் சட்டமொன்று இடியட், இம்பெசைல் என்பவற்றைச் சட்டபூர்வமான வகைகளாகவே வரையறுத்தது.

இந்த வகைப்படுத்தல் ஏட்டோடு நிற்கவில்லை. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதற்கு அனுமதி வழங்கியது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை இம்பெசைல்கள் போதும் என்று நீதிபதி ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் தீர்ப்பில் எழுதினார். அந்தப் பேத்தி பாடசாலையில் நன்றாகப் படித்த பிள்ளை என்பது பின்னர் தெரியவந்தது. அந்தக் கொள்கையின் கீழ் அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடை செய்யப்பட்டார்கள். 1933இல் நாஸி ஜேர்மனி இதே வகையான சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே அது கருத்தடையோடும் நிற்கவில்லை, கொலையில் முடிந்தது.

அந்த மூன்று சொற்களும் வசையாகத் தேய்ந்தபின், அவற்றுக்குப் பதிலாக மென்மையான சொல்லாகக் கொண்டுவரப்பட்டதுதான் 'மென்டல் ரிட்டார்டேஷன்'. வளர்ச்சி தாமதமாகிறது என்பதே அதன் பொருள். சில பத்தாண்டுகளில் அதுவும் பாடசாலை முற்றத்து ஏச்சாகியது. 2010 ஒக்டோபரில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட 'ரோசா சட்டம்' அமெரிக்க மத்திய அரசின் பல சட்டங்களிலிருந்து அச்சொல்லை நீக்கி, அறிவுசார் இயலாமை என்ற பொருளுடைய தொடரைச் சேர்த்தது. சொல்லை மாற்றினாலும் அவமதிப்பு புதிய சொல்லையும் துரத்திப் பிடித்துவிடும் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்.

'இடியட்' என்றால் இன்று எவருக்கும் ஒரு நோயாளி நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்ற மனிதர்கள் மறைந்துவிட்டார்கள். 'ரிட்டார்ட்' அப்படியல்ல. அந்தச் சொல்லால் பதியப்பட்ட பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் செய்தி பார்க்கிறார்கள். ட்ரம்பின் பதிவு வோல்ஸைக் குறிவைத்தது. பட்டது அந்தப் பிள்ளைகளுக்கு. இந்தியானாவின் தந்தை எதிர்த்தது இதைத்தான்.

இது எமக்குப் புதிதல்ல. 'உனக்கென்ன விசரோ?' என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறோம்? 'அங்கொடைக்கு அனுப்ப வேணும்' என்று எத்தனை தரம் பகிடி விடுகிறோம்? முள்ளிவாய்க்காலுக்குப் பின் நித்திரை வராமல், சத்தம் கேட்டால் நடுங்கி, பிள்ளையைத் தேடி அலையும் தாய்மார் எமது ஊர்களில் இருக்கிறார்கள். மனநல வைத்தியரிடம் போனால் 'விசரி' என்ற பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்களும் இருக்கிறார்கள். சொல்பவருக்கு அது கோபத்தின் ஒரு நொடி. கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவருக்கு அது ஒரு கதவு மூடப்படும் சத்தம்.

'பகிடிக்குத்தான் சொன்னோம்'

மேல் படியிலுள்ள ஏச்சைத் தனிமனிதர்கள் மட்டுமல்ல, நிறுவனங்களும் கீழே இறக்கிக் காட்டும். இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தில் விளையாடிய அஸீம் ரஃபீக், தன்னை 'பாக்கி' என்று அழைத்தார்கள் என்று முறையிட்டார். 'பாக்கி' என்பது பாகிஸ்தானியர் என்பதன் சுருக்கம் போலத் தோன்றும். ஆனால் 1960களின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியத் தெருக்களில் தெற்காசியரைத் தேடித் தேடி அடித்த கும்பல்களின் வாயில் இருந்த சொல் அது. அந்த வரலாற்றை எடுத்துவிட்டால் சொல்லின் பொருளே இல்லை. அடிக்க வந்தவர்கள் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. 1980களில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த எமது ஆட்களுக்கும் இதே சொல்தான் கிடைத்தது.

கழகத்தின் விசாரணைக் குழு அதை நட்பான, நல்லெண்ணத்துடனான பகிடி என்று கருதியதாக 2021 நவம்பரில் செய்தி வெளியானபோது நாடே கொந்தளித்தது. கழகத் தலைவர் பதவி விலகினார். ரஃபீக் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். சில நாட்களிலேயே, பத்து வருடங்களுக்கு முன் அவரே யூதர்களை இழிவுபடுத்தி அனுப்பிய செய்திகள் வெளிவந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். காயப்பட்டவன் இன்னொருவனைக் காயப்படுத்தமாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இங்கிலாந்தின் சட்டமும் இந்தப் படி வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலிருந்து 'அவமதிக்கும்' என்ற சொல் 2013இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால் நீக்கப்பட்டது. வெறும் அவமதிப்புக்காக அந்தப் பிரிவின் கீழ் ஒருவரைக் கைது செய்வது கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்பது காரணம். மறுபுறம் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட சில குற்றங்கள் இனப் பகைமையோடு செய்யப்பட்டால் தண்டனை கூடும். சூட்டுக்குத் தண்டனையைக் குறைத்து, குறிக்குத் தண்டனையைக் கூட்டிய இந்த அணுகுமுறை கவனத்துக்குரியது.

அடைமொழி பெயராகும்போது

'இல்லீகல்' என்றால் சட்டவிரோதம். அது ஒரு செயலுக்குரிய அடைமொழி. ஆனால் ஆங்கில அரசியல் பேச்சில் 'இல்லீகல்ஸ்' என்று மனிதர்களே அழைக்கப்படுகிறார்கள். எல்லையைக் கடந்தது செயல். அது இப்போது அந்த ஆளின் பெயர். 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், மனிதர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று எழுதுவதைக் கைவிட்டது. செயல் சட்டவிரோதமாகலாம், மனிதர் ஆக முடியாது என்பதே அதன் சாரம்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 2015 ஏப்ரல் 17ஆம் திகதி பிரித்தானியாவின் 'த சன்' பத்திரிகையில் பத்தி எழுத்தாளர் கேற்றி ஹொப்கின்ஸ், படகில் வரும் குடியேறிகளைக் கரப்பான் பூச்சிகளுக்கு ஒப்பிட்டார். அடுத்த இரு நாட்களுக்குள் மத்தியதரைக் கடலில் ஒரு படகு கவிழ்ந்து சுமார் 800 பேர் இறந்தார்கள். ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளராக இருந்த செய்த் ராத் அல் ஹுசைன் அந்தப் பத்தியைக் கடுமையாகக் கண்டித்து, 1994இல் ருவண்டாவில் வானொலி துற்சிகளைக் கரப்பான் என்று அழைத்ததை நினைவூட்டினார். பூச்சி என்று அழைத்தபின் மிதிப்பது கொலையாகத் தோன்றாது. 2023 நவம்பரில் ட்ரம்ப் தனது அரசியல் எதிரிகளை 'வேர்மின்', அதாவது அழிக்கப்பட வேண்டிய எலி, பூச்சி இனம், என்று சொன்னதைத் தமிழில் 'விமர்சித்தார்' என்று எழுதுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்போது விளங்கும். 'கொட்டியா' என்ற கூப்பாட்டைக் காவலரணில் கேட்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

எமது மொழியிலிருந்து போனவை

ஆங்கிலத்துக்கு நாமும் வசைகளைக் கொடுத்திருக்கிறோம். சர்வதேச அரசியலில் அடிக்கடி வரும் 'பரையா' என்ற சொல் பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. சவுதி அரேபியாவை 'பரையா' ஆக்குவோம் என்று 2019இல் சொன்ன பைடன், 2022 ஜூலையில் ஜெத்தாவுக்கே போனார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இலங்கை அரசைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளிலும் அச்சொல் வந்தது. அதைப் படித்து எம்மில் சிலர் மகிழ்ந்ததும் உண்டு. 'தீண்டத்தகாத நாடு' என்று மொழிபெயர்ப்போரும் உண்டு. குற்றம் செய்த அரசைக் கண்டிக்க, குற்றமே செய்யாத ஒரு சமூகத்தின் பெயரை உலகம் கடன் வாங்கியிருக்கிறது. அந்தக் கடனை நாம் தமிழில் வட்டியோடு திருப்பி எழுதுகிறோம். 'ஒதுக்கப்பட்ட அரசு' என்று எழுதினால் பொருள் குறையாது.

'கூலி' என்ற எமது சொல்தான் ஆங்கிலத்தின் 'கூலி' என்பது ஒரு கருத்து. குஜராத்தின் கோலி சமூகப் பெயர் என்பது இன்னொன்று. எப்படியிருந்தாலும் தென்னாபிரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் அது இந்திய வம்சாவளியினர் மீது வீசப்படும் இன வசையாகியது. இலங்கையில் பிரித்தானியரின் ஆவணங்கள் மலையக மக்களுக்கு வைத்த பெயரும் அதுவே. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர் மனிதரின் பெயராகியது. லயன் அறைகளில் அடைக்கப்பட்ட அந்த மக்களின் பெரும்பகுதியினரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

அந்த மக்களை வடக்கிலும் கிழக்கிலும் நாம் எப்படி அழைத்தோம்? 'தோட்டக்காட்டான்' என்றோம். 'வடக்கத்தியான்' என்றோம். 'கள்ளத்தோணி' என்றோம். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். களவாகத் தோணியில் வந்தவன் என்ற செயல், பிறந்து நாலு தலைமுறை இந்த மண்ணில் வாழ்ந்தவரின் பெயராகியது. 'இல்லீகல்ஸ்' என்பதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி 492 தமிழர்களை ஏற்றிய 'சன் சீ' என்ற கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. போரிலிருந்தும் முகாம்களிலிருந்தும் தப்பி வந்தவர்கள் அதில் இருந்தார்கள். கப்பல் கரை சேருமுன்பே அதில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கலாம் என்று கனடிய அமைச்சர் பேசினார். வரிசையைத் தாண்டி வந்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த 492 பேரில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எதுவும் செய்யுமுன்பே அவர்களுக்குப் பெயர் தயாராக இருந்தது.

அந்தப் பெயரை நாம் சரியாக மொழிபெயர்க்க விரும்பினால் புதிய சொல்லைத் தேட வேண்டியதில்லை. அது எமது வாயிலேயே இருக்கிறது. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, எம்மோடு சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்து, எம்மோடு சேர்ந்து செத்த மக்களை நாம் அழைத்த சொல் அது. ஏன் அப்படி அழைத்தீர்கள் என்று இன்று எவராவது கேட்டால், யோர்க்ஷயர் கழகம் சொன்ன அதே பதில்தான் எம்மிடமும் இருக்கிறது: சும்மா பகிடிக்குத்தானே சொன்னோம்.